உங்களுக்குத் தெரியுமா? முகமும் ஓர் அப்பளம்தான்!

அப்பளம் ஒன்றை எடுத்து, காய்ச்சாத எண்ணெயில் நாள் முழுக்க ஊறப்போடுங்கள். வெளியே எடுத்து வளைத்தால் படக்கென்று முறியும். அதையே ஈரத்துணிக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் துவண்டுவிடும். 1952-ல் அமெரிக்காவின் இர்வின் பிளாங்க் கிட்டத்தட்ட இதே சோதனையைச் செய்தார். அப்பளத்துக்குப் பதில் அவர் எடுத்துக்கொண்டது, காய்ப்புப் பிடித்த மனிதத் தோல். காய்ந்த துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தார், விறைப்பு போகவில்லை. தண்ணீர் பட்டதும் மெத்தென்று ஆகிவிட்டன. மேல்தோலில் ஈரம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது விறைத்துப்போகும் என்றும் கண்டார். ஆக, கன்னம் சொரசொரத்து வெள்ளை பூத்திருந்தால் அங்கே தீர்ந்துபோனது தண்ணீர். எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிற தண்ணீருக்கு மூடி போடும் வேலை.

★

அப்படியானால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் முகம் பளபளக்குமா? தாகத்துக்குக் குடிக்கிற ஆளுக்கு, அதற்கு மேல் குடிக்கும் தண்ணீரால் கன்னத்தில் பெரிய மாற்றம் வராது. பாத்ரூமுக்கு நடக்கும் நடைதான் கூடும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றி என்ன?

★

அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நம் தோலின் ஆக மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரான் கனம்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் கால்வாசி அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் செத்த செல்கள் பதினைந்து வரிசை போல அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து என்று 1980-களில் விளக்கியவர் பீட்டர் எலியாஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். சாந்தில் பாதியளவு செராமைடு. மீதியில் பெரும்பங்கு கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். ஆமாம், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்ததும் நாம் பதறுகிற அதே கொலஸ்ட்ரால். முகத்துக்கு அது வேண்டும். சாந்து உதிர்ந்தால் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகிக் கிளம்பிவிடும். வெளியே இருக்கும் சோப்பு, வாசனைத் திரவியம், தூசி எல்லாம் உள்ளே நுழைந்து எரிச்சலைக் கிளப்பும். வறண்ட முகக்காரர்களுக்கு எதைப் போட்டாலும் ‘சுருசுரு’ என்று எரிவதன் காரணம் இதுதான்.

★

சாந்தை உதிர்ப்பதில் முதல் ஆள் சோப்பு. நலமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம். பிஎச் அளவு 4.5 முதல் 5.5-க்குள் இருக்கும். 1928-லேயே ஜெர்மனியின் ஷாடே, மார்க்கியோனினி இருவரும் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாதாரண சோப்பின் பிஎச் 9 முதல் 10. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நாலுதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. நாலு படி என்றால் 10,000 மடங்கு.

முகம் கழுவித் துடைத்த பிறகு தோல் இழுத்துப் பிடிக்கிறதே, அதைப் பலர் ‘நல்லா சுத்தமாயிடுச்சு’ என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். என் அம்மா அப்படித்தான். முகம் ‘கிரீச்’ என்று சத்தம் போடும்வரை விடமாட்டார். அழுக்கோடு சாந்தும் சேர்ந்து போய்விட்டது என்பதுதான் அந்த இழுப்புக்கு அர்த்தம்.

★

சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும். சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தரநிலைப்படி முதல் தர ‘டாய்லெட் சோப்’புக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. அதற்கும் கீழே ‘பேதிங் பார்’ என்று போட்டிருப்பார்கள். (டாய்லெட் சோப் என்ற பெயரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தரத்தில் அதுதான் மேல்.) ஆனால் ஒரு விஷயம்: டி.எஃப்.எம். 80 இருந்தாலும் சோப்பு சோப்புதான், காரம் காரம்தான். வறண்ட முகத்துக்கு நுரை அதிகம் வராத, பிஎச் குறைந்த முகக் கழுவிகள் நல்லது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். இரவெல்லாம் தலையணையில் கிடந்த முகத்தில் அப்படி என்ன அழுக்கு சேர்ந்துவிடப் போகிறது?

★

போர் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் முகத்திலும் படிகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் கழுவியபோது சோப்புப் பொருள் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலைக் கூட்டியதாகத் தெரிந்தது. குளிக்கப் போர் தண்ணீர், முகத்துக்கு மட்டும் கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

★

குளித்ததும் பவுடர் அடிக்கிறீர்களா? டால்கம் பவுடரின் வேலையே ஈரத்தையும் பிசுக்கையும் உறிஞ்சுவதுதான். வறண்ட முகத்தில் அது யாருக்காக உறிஞ்சுகிறது?

★

கடலோரத்தில் இருக்கிறோம், காற்றில் எப்போதும் புழுக்கம், பிறகு ஏன் சென்னைக்காரர் முகம் காய்கிறது? ஏ.சி. குழாயின் அடியில் வைத்திருக்கும் வாளியைப் பாருங்கள். அதில் சொட்டிச் சொட்டி நிறைவது அறைக் காற்றிலிருந்து பிடுங்கிய ஈரம். எட்டு மணி நேர ஆபீஸ், எட்டு மணி நேரப் படுக்கையறை என்று நாளின் பெரும்பகுதி அந்தக் காற்றில்தான் போகிறது. விமானத்துக்குள் இன்னும் மோசம். அங்கே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. துபாயிலிருந்து லீவுக்கு வருகிற மாப்பிள்ளையின் உதடு வெடித்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

★

கார்ல் ஷீலே என்றொரு மருந்துக்கடைக்காரர் ஸ்வீடனில் இருந்தார். எதைக் கண்டுபிடித்தாலும் நாக்கில் வைத்துப் பார்க்கிற விபரீதப் பழக்கம் அவருக்கு. 1779-ல் ஆலிவ் எண்ணெயையும் ஈய ஆக்சைடையும் சேர்த்துக் காய்ச்சினார். கொழகொழவென்று ஒரு திரவம் கிடைத்தது. நக்கிப் பார்த்தால் தித்திப்பு! அதுதான் கிளிசரின். மறு வருடமே புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். முகக் க்ரீம் எதை எடுத்துப் பின்புறம் படித்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க நிறைய வாய்ப்புண்டு. அழகுசாதன உலகமே அவருக்குச் சிலை வைத்திருக்க வேண்டும். அவரோ 43 வயதில் இறந்துபோனார்.

கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். நம் தோலிலேயே அது இயற்கையாக உண்டு. அது குறைந்த எலிகளுக்குத் தோல் வறண்டதையும், கிளிசரின் கொடுத்ததும் சரியானதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் இன்றும் மலிவாகக் கிடைக்கும். அப்படியே பூசினால் பிசுபிசுக்கும். பாட்டிமார் பன்னீர் கலந்து பூசியது சரியான யோசனை. அதில் எலுமிச்சையையும் பிழிந்தார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு.

★

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். சாந்து உதிர்ந்த முகத்தில் அது எரியாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, எலுமிச்சை இனக் காய்களின் சாறும் தோலுமாகப் பட்ட இடத்தில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளித்து, மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். நிறம் கூடப் பூசப்போய்க் கறுத்துப்போவது இப்படித்தான்.

★

கற்றாழையைப் பறித்ததும் வெட்டுவாயில் மஞ்சளாக ஒரு பால் வடியும். பலருக்கு அரிப்பைக் கிளப்புவது அதுதான். மடலை நிமிர்த்தி வைத்து அதை வடியவிட்டு, சோற்றை நன்றாக அலசிய பிறகு எடுங்கள். அதுவும் வெறும் கற்றாழைச் சோறு பூசி நிறுத்தினால் காய்ந்ததும் முகம் பழையபடி இழுக்கும். மேலே ஒரு க்ரீம் வேண்டும். முல்தானி மட்டி வேண்டவே வேண்டாம். அது எண்ணெய் வழிகிற முகத்துக்காரர்களின் சரக்கு.

★

1859-ல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளைஞர் அமெரிக்காவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். துளையிடும் கம்பியில் படிந்த மெழுகு போன்ற கசடைத் தொழிலாளிகள் திட்டிக்கொண்டே வழித்தெடுப்பதையும், கையில் காயம் பட்டால் அதையே எடுத்துப் பூசிக்கொள்வதையும் கவனித்தார். அந்தக் கசடைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். வாசலின் பிறந்த கதை அது. தினம் ஒரு ஸ்பூன் விழுங்குவார் என்று சொல்வார்கள். (நீங்கள் செய்ய வேண்டாம்.) 96 வயது வரை இருந்தார். தோலிலிருந்து ஈரம் ஆவியாவதை 98 சதவீதம் வரை தடுக்கக்கூடிய பொருள் இது. விலையுயர்ந்த எந்த க்ரீமும் இந்த ஒரு விஷயத்தில் அதைத் தாண்டுவது கஷ்டம். ஈர முகத்தில் இரவு மெல்லிசாகப் பூசினால் போதும். முகப்பரு வருகிறவர்கள் முகம் முழுக்கப் பூசாமல் காய்ந்த இடத்தில் மட்டும் வைக்கலாம்.

★

ஹயலுரானிக் அமிலம் முதலில் கிடைத்தது மாட்டுக் கண்ணிலிருந்து! 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் கண்டெடுத்தார்கள். இன்று சீரம் சீரமாக விற்கிறது. தண்ணீரைப் பிடிக்கும், சரி. மேலே மூடி போடாமல் ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் பிடித்த ஈரம் போய்விடும்.

★

இப்போது நம்ம ஊர் வம்புக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் முகத்துக்கு நல்லதா, கெட்டதா? 2004-ல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரை வைத்துச் சோதித்தார்கள். தேங்காய் எண்ணெய், மினரல் ஆயிலுக்குச் சமமாக வேலை செய்தது. நம்மவர்கள் இதைப் படித்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்கு முன் ஒரு தகவல்: அவர்கள் பூசியது காலில். முகம் வேறு கதை. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. அந்தத் துளைகளைத் தேங்காய் எண்ணெய் அடைத்துப் பரு கிளப்பும் வாய்ப்பு அதிகம். பருவே வராத, வயதான, காய்ந்த முகம் என்றால் தாராளமாகத் தடவுங்கள். கல்லூரிப் பெண்ணின் முகம் என்றால் யோசிக்க வேண்டும்.

ஆலிவ் எண்ணெயைப் பிள்ளைகளுக்குப் பூசுவது இப்போது மோஸ்தர். 2013-ல் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது ஆலிவ் எண்ணெய் தோலின் சாந்தைக் கெடுத்தது. சூரியகாந்தி எண்ணெய் கெடுக்கவில்லை. டாக்கா மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்த ஆய்வு 2005-ல் வெளியானது: எண்ணெய் தடவாதவர்களைவிட இவர்களுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைவு! தோல் என்ற சுவர் உயிரையே காக்கிற சுவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வடை சுடுகிற எண்ணெய்க்கு இப்படியொரு பெருமை இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

★

மூக்கின் இரு ஓரம், புருவம், காதுக்குப் பின்புறம்: இங்கெல்லாம் மஞ்சள் கலந்த செதில் உதிர்ந்தால் அது பெரும்பாலும் வறட்சி கிடையாது. தலைப் பொடுகின் தம்பி. மலசீசியா என்ற பூஞ்சை அங்கே குடியிருக்கிறது. அதற்குச் சாப்பாடே எண்ணெய்தான். கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாது. காய்ந்திருக்கிறது என்று நினைத்து எண்ணெய் தடவுவது விருந்து வைப்பது போல. டாக்டர் தரும் பூஞ்சைக்கொல்லியில் சரியாகிவிடும். அவ்வப்போது திரும்பவும் வரும்.

★

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் வெளிறிய வட்டம் தெரிந்தால் உடனே ‘வயித்துல பூச்சி’ என்று பூச்சி மருந்து வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம். பால் தேமலுக்கும் குடல் பூச்சிக்கும் சம்பந்தம் இல்லை. இலேசான வறட்டுக் கரப்பான் அது. வெயிலில் ஆடி மற்ற இடம் கறுக்கக் கறுக்க இன்னும் எடுப்பாகத் தெரியும். தினமும் ஈரப்பசை க்ரீம் போட்டு வந்தால் சில மாதங்களில் தானாக நிறம் திரும்பும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளிறிய இடத்தில் வியர்க்காமல், காய்ந்துபோய், பஞ்சால் தொட்டால் உணர்ச்சியும் இல்லாமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். முழுமையாகக் குணமாகும். தள்ளிப்போடக் கூடாது.

★

உதட்டில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, ஈரம் காக்கும் எண்ணெய்ப் பூச்சும் இல்லை. அதனால்தான் மார்கழிப் பனியில் முதலில் வெடிப்பது உதடு. நாக்கால் நனைத்தால் எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும். எச்சிலின் செரிமானப் பொருட்களும் தோலை அரிக்கும். வாயைச் சுற்றி மீசை மாதிரி சிவந்த வளையத்தோடு திரியும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். இரவு ஒரு பொட்டு நெய் வையுங்கள். நக்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், வாசலினுக்குப் போகலாம். அதில் ருசி இல்லை.

★

நிவியா என்ற பெயருக்கு லத்தீனில் ‘பனி போல வெண்மை’ என்று பொருள். 1911-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வந்தது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கிற பொருள் கிடைத்ததால்தான் அது சாத்தியமாயிற்று. எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? செம்மறி ஆட்டு ரோமத்தின் பிசுக்கிலிருந்து. 1929-ல் கல்கத்தாவில் கௌர்மோகன் தத்தா சுதேசிச் சரக்காகக் கொண்டுவந்த போரோலினிலும் அதே ஆட்டு ரோமக் கொழுப்பு உண்டு. இவற்றுக்கெல்லாம் முப்பாட்டன், ரோமில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் காலேன். தேன்மெழுகு, ரோஜா எண்ணெய், தண்ணீர் மூன்றையும் குழைத்து 2-ஆம் நூற்றாண்டிலேயே கோல்டு க்ரீம் செய்தார். தண்ணீர் ஆவியாகும்போது சில்லென்று இருக்கும். பெயரில் உள்ள ‘கோல்டு’ அந்தக் குளிர்ச்சி.

★

எப்போது பூச வேண்டும்? துண்டால் ஒற்றி எடுத்த இரண்டு, மூன்று நிமிடத்துக்குள், முகத்தில் ஈரம் மிச்சமிருக்கும்போதே. எவ்வளவு? விளம்பரத்தில் வரும் பெண் நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என்று கோலப்புள்ளி வைப்பாரே, அது போதாது. தோல் மருத்துவர்கள் ‘விரல்நுனி அளவு’ என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அப்படி இரண்டரை. மருந்துக் க்ரீமுக்கு வகுத்த கணக்குதான் என்றாலும் இதற்கும் பொருந்தும். தோலிலிருந்து ஈரம் வெளியேறுவது இரவில் கூடும் என்பதால், ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவு வேளையை வைத்துக்கொள்ளுங்கள்.

★

‘அன்சென்டட்’ என்று போட்டிருந்தால் வாசனைப் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை. மற்றப் பொருட்களின் வாடையை மறைக்கவே ஒரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். ‘ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ’ என்ற எழுத்தைத் தேடுங்கள். மூடி திறந்த டப்பா படத்துக்குள் ‘12’ என்று போட்டிருந்தால், திறந்த 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள். என் வீட்டு அலமாரியில் திறந்து ஐந்து வருடமான ஒரு டப்பா இருக்கிறது. வாங்கிய விலை நினைவிருப்பதால் தூக்கிப்போட மனசு வரவில்லை.

★

மெடிக்கல் ஷாப்பில் ‘முகம் காயுது, ஏதாவது குடுங்க’ என்று கேட்டு வாங்கும் ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டே நாளில் முகம் பட்டாகிவிடும், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு இழைகளாகத் தெரியும். நிறுத்தினால் முகம் பற்றி எரியும். இதனாலேயே 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

★

என்ன பூசினாலும் முகம் காய்கிறது, கூடவே முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது, மற்றவர்களுக்கு வேர்க்கும்போது உங்களுக்குக் குளிர்கிறது என்றால் க்ரீம் மாற்றுவதை நிறுத்திவிட்டுத் தைராய்டு பாருங்கள்.

★

உலகத்தின் மிகச் சிறந்த ஈரப்பசை க்ரீம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பிறந்த குழந்தையின் உடம்பில் வெண்ணெய் பூசியது போல ஒட்டியிருக்குமே, அதுதான். சுமார் 80 சதவீதம் தண்ணீர். மீதி பாதிக்குப் பாதி கொழுப்பும் புரதமும். அந்தக் கொழுப்பில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் இருக்கின்றன, செங்கல் சாந்தில் இருக்கிற அதே மூன்று. ஒன்பது மாதம் தண்ணீருக்குள்ளேயே கிடந்த பிள்ளையின் தோல் ஊறிப்போகாமல் காப்பதில் இதற்குப் பங்குண்டு. முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த அன்று, பாட்டி சுடுதண்ணீரும் துண்டுமாக வந்து நின்றார். “இன்னைக்கு வேணாம்மா, நாளைக்கு ஊத்தலாம்” என்றார் நர்ஸ். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையின் கன்னத்தில் இருந்ததை ஒரு விரலால் தொட்டு, தன் காய்ந்த புறங்கையில் தேய்த்துப் பார்த்தார்.